எத்தனை பேர்?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



டாக்டர் என்றால் சீனி வியாதி, பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது தமிழ்ப் பாடத்தில் நாம் படித்த ஒரு சின்ன விஷயம்: ஆட்களை எண்ணும் சொற்கள்.

பொருளென்றால் ஒன்று, இரண்டு, மூன்று. ஆளென்றால் ஒருவர், இருவர், மூவர். பாண்டவர் ஐவர், ஆழ்வார் பன்னிருவர், நாயன்மார் அறுபத்து மூவர், கௌரவர் நூற்றுவர். உயர்திணை, அஃறிணை என்ற பிரிவு எண்ணிலும் இருக்கிறது. சிங்களத்தில் பொருளுக்குக் 'கீயக்' என்றும் ஆளுக்குக் 'கீதெனெக்' என்றும் கேட்பார்கள். தூரத்து அயர்லாந்தின் ஐரிஷ் மொழியிலும் இரண்டு ஆளுக்கு 'பெர்ட்', மூன்று ஆளுக்கு 'ட்ரூர்' எனப் பத்துவரை தனிச் சொற்கள் உண்டு. மனிதரைச் சாமானோடு சேர்த்து எண்ணக்கூடாது என்று இத்தனை மொழிகள் நினைத்திருக்கின்றன.

பேச்சில் நாம் 'இருவர்' என்பதில்லை. ரெண்டு பேர், மூணு பேர் என்போம். பேர் என்றால் பெயர். 'எத்தனை பேர்?' என்று கேட்கும்போது எத்தனை பெயர்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் நம் தோட்டங்களில் இந்தச் சொல்லுக்கு வேறு கணக்கும் உண்டு. செக்ரோலில் ஒரு நாள் வேலை ஒரு பேர். கேட்ட கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். என் அம்மாமார் வயதுப் பெண்கள், "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டுக்கொள்வது ஆட்களை அல்ல, சம்பளத்தை.

இந்த அரைப்பேர் என் மேசைக்கும் வருகிறது. இரத்தம் குறைந்த பெண்ணுக்கு மலை ஏற மூச்சு வாங்கும், கை ஓடாது. கிலோ குறையும், அரைப்பேர் விழும். சம்பளம் குறைந்தால் முதலில் குறைவது அவள் தட்டில் உள்ள கறி. இரத்தம் இன்னும் குறையும். வார்டில் இரண்டு நாள் நில்லுங்கள் என்றால், "பேர் போயிருமே டாக்டர்" என்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் இந்த வட்டத்தை உடைக்காது.

நம்மைத் தொகையாக மட்டும் எண்ணிய காலமும் உண்டு. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன. அந்த எண்களுக்குள் ஒரே லயத்தின் அக்காவும் தங்கையும் வேறு வேறு பக்கம் போனார்கள்.

ஒவ்வொருவராக எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பிரசவத்தோடு தொடர்பான தாய் மரணம் ஒவ்வொன்றையும் சுகாதாரத் துறை தனித்தனியே விசாரிக்கிறது. எப்போது வலி கண்டது, வாகனம் எப்போது வந்தது, யார் பார்த்தார்கள் என்று கேட்கிறது. தாய்மார் சாவு இங்கே குறைந்ததற்கு அந்த விசாரணையும் ஒரு காரணம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பதிவேட்டில் டாக்டர்மார், ஆசிரியைமார், அதிகாரிகள் இருக்கிறோம். எட்டாம் வகுப்போடு நின்று கொழுந்துக்குப் போனவள், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனவள், கார்மென்ட்ஸுக்குப் போனவள் எங்கே? அவர்களும் இதே வாங்கில் இருந்தவர்கள். பழைய இடாப்புகளை எடுத்து, வகுப்பு வகுப்பாக அவர்களையும் எழுதுவோம். ஹட்டன் பக்கம் உள்ளவர்களைத் தேடும் பொறுப்பை நான் எடுக்கிறேன்; கூட வர நால்வர் கை உயர்த்தினால் போதும்.

நூறு வருஷத்தில் இந்தப் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், தொகையோடு பெயர்களையும் நாம் கொடுக்க வேண்டும். அரைப்பேர் ஒன்றும் அதில் இருக்கக்கூடாது.