மாடிக் குழாயைத் தொட்டுப் பாருங்கள்

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயை இன்று ஒருமுறை தடவிப் பாருங்கள். மாவு மாவாகக் கையில் ஒட்டினால், பல வருஷ வெயிலில் அது நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். வாளி இடித்தாலே விரிசல் விடும். புதுக் குழாய் போட்டதுமே வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுவது நல்லது. வெந்நீருக்குச் சிபிவிசிதான், 60 டிகிரிக்கு மேல் சாதாரண பிவிசி தாங்காது.

குழாய் வெடித்தால் துணி சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, தொட்டியடி வால்வை மூடுங்கள். சுவிட்ச் போர்டு நனைந்திருந்தால் கிட்டேயே போகாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அந்த வால்வுதான் பல வீடுகளில் துருவேறி இறுகிக் கிடக்கிறது. அவசரத்தில் திருகினால் கைப்பிடிதான் கழன்று வரும். மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, இன்றே காட்டிவிடுங்கள்.