எலி இல்லாத வீட்டில் ஒரு பூனைக்குட்டி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள் பலர் குடியிருக்கும் ஊர் மறைமலை நகர். இங்கே மாடி வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்தால், முதல் வேலையாகக் கிண்ணத்தில் பசும்பால் ஊற்றி வைப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் பாலையும் தயிர்சோற்றையும் நம்பி அந்தக் குட்டியை வளர்க்க முடியாது. 'பாட்டி வீட்டுப் பூனை அதைத் தின்றுதானே பல வருஷம் இருந்தது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பூனை நெற்குதிருக்கும் வைக்கோல்போருக்கும் நடுவே வாழ்ந்தது. பகலில் ஓணான், இரவில் எலி என்று தன் இரையைத் தானே பிடித்தது. வீட்டார் வைத்தது வெறும் கொசுறு. கம்பிவலை அடித்த ஜன்னலுக்குள், இரண்டாவது மாடியில் வளரும் குட்டிக்கு அந்த எலி கிடையாது. எலி கொடுத்ததை எல்லாம் இனி நாம்தான் கொடுத்தாக வேண்டும்.

எலி என்ன கொடுத்தது? கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் சத்தை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலால் அது முடியாது. இறைச்சியிலிருந்தே அது வர வேண்டும். டாரின் என்ற சத்தும் அப்படித்தான். 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயம் வீங்கித் தளர்ந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதைக் கொடுத்ததும் இதயம் தேறியது. அந்தப் பூனைகள் தின்றதோ கடையில் விற்ற தீவனம். அதன் பிறகே நிறுவனங்கள் தீவனத்தில் டாரினைக் கூட்டின. பூனைக்கென்றே செய்த தீவனத்திலேயே இப்படிக் குறை நேர்ந்ததென்றால், தயிர்சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலும் உதவாது. தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால், அந்தச் சின்ன உடம்பு சீக்கிரமே நீர் வற்றித் துவண்டுபோகும்.

'அப்படியானால் கறியை வேகவைத்துப் போட்டால் போதுமே' என்று தோன்றலாம். பாதி சரி. பூனை எலியை எலும்போடு தின்கிறது. வளரும் குட்டிக்கு வேண்டிய கால்சியம் அந்த எலும்பில் இருந்தது, வெறும் கறியில் இல்லை. அதனால் குட்டிகளுக்கென்று விற்கும் தீவனம் முதன்மையாக இருக்கட்டும். வெந்த கோழியும் மீனும் துணைக்கு இருக்கட்டும். எலும்பும் முள்ளும் நீக்கி, வெங்காயம், பூண்டு, உப்பு சேர்க்காமல் கொடுங்கள். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அசைவம் சமைக்காத வீட்டுக்கும் இந்தத் தீவனமே வழி. அதையும் வீட்டுக்குள் அனுமதிக்க மனமில்லாதவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே அந்த உயிருக்கு நல்லது. செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: குட்டியின் வயிறு மிகச் சிறியது, கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நான்கு வேளை போதும்.

இதெல்லாம் எட்டு வாரம் ஆன குட்டிக்கு. கண் திறக்காத குட்டியைத் தெருவில் பார்த்தால் உடனே எடுத்துவராதீர்கள். தாய் இரைதேடப் போயிருக்கும், தள்ளி நின்று காத்திருங்கள். தாய் வரவே இல்லையென்றால் முதலில் வேண்டியது கதகதப்பு. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகு, பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்து, குப்புறப் படுத்த நிலையில் புகட்டுங்கள். இதை இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். ஷிப்டுக்குப் போகிறவர் தனியாக இதைச் செய்ய முடியாது. வீட்டில் இன்னொருவர் இல்லையென்றால் எட்டு வாரக் குட்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வயதிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசியைத் தொடங்கிவிடலாம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். குட்டிக்குக் காய்ச்சல் என்று நினைத்து நம் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.