கண்காட்சியில் இரு கார்கள்



எந்திரவியல் பயிலும் எம்மூர் மாணவர் இன்று கிளிநொச்சியிலும் பேராதனையிலும் மொறட்டுவையிலும் உளர். இலண்டனிலும் தொரொன்ரோவிலும் வளர்ந்த காரைநகர்ப் பிள்ளைகள் அவ்வந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உளர். தொரொன்ரோவிலே ஆண்டுதோறும் பெப்ரவரியில் நடைபெறும் மோட்டார்க் கண்காட்சிக்குச் சென்று, நிலத்தோடு படிந்து நிற்கும் இத்தாலியக் கார்களின் அருகே எடுத்த படங்களை ஊருக்கு அனுப்புவோரும் உண்டு. அவற்றின் விலையும் வேகமும் அவர்களுக்கு மனப்பாடம். அழகிய பொருளைக் கண்டு வியத்தல் இளமைக்கு இயல்பு. அதனைக் குறைகூற நாம் இங்கு வரவில்லை. ஆயினும் எந்திரவியல் மாணவனின் வியப்பு ஏனையோர் வியப்பிலும் ஓரடி முன்செல்ல வேண்டாமா? அவ்வுருவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்று அவன் கேட்க வேண்டாமா?

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும்; அதை வெல்ல வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்துக்கேற்பக் கூடும். மணிக்கு 60 மைல் ஓடும் கார் 120 மைல் ஓடவேண்டுமாயின், காற்றைப் பிளப்பதற்கு மட்டும் எட்டு மடங்கு வலு வேண்டும். கார் தாழ்ந்து மெலிந்திருப்பது இதனாலேயே. எஞ்சின் சாரதியின் முதுகுக்குப் பின்னே இருப்பதனால், காற்றுப் புகும் வாய்கள் விலாவிலே அமைகின்றன. பின்புறத்துச் சிறகு, ஆகாய விமானத்தின் சிறகைக் கவிழ்த்து வைத்தாற் போன்றது. அது காரைத் தரையோடு அழுத்தும். ஒப்பனை என்று நாம் எண்ணுவதிற் பாதி கணக்கு. (மறு பாதி ஒப்பனையேதான்; அதையும் சொல்லிவிட வேண்டும்.)

1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட்டில், யுத்தம் முடிந்தபின் முதன்முறையாகப் பெரிய மோட்டார்க் கண்காட்சி நடந்தது. அங்கே சனம் மொய்த்து நின்றது ஜாக்குவார் எக்ஸ்.கே. 120 என்னும் காரைச் சுற்றியே. ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற நீண்ட எஞ்சின். அதனை மூட நீண்ட முகப்பு. இருநூறு வரை செய்தாற் போதுமென்று எண்ணியே கையால் அலுமினியத் தகடு அடித்து உடலமைத்தார்கள். கேட்டவர் தொகை பெருகவே பின்னர் உருக்குத் தகட்டுக்கு மாறினார்கள்.

அதே மண்டபத்தில் இன்னொரு புதுக் காரும் நின்றது. அதுதான் மொறிஸ் மைனர். 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். வேகமோ 60 மைலைச் சற்றே தாண்டும். கம்பனித் தலைவர் நஃபீல்ட் பிரபுவே அதன் உருண்டை வடிவத்தைக் கண்டு, உடைத்து அவித்த முட்டை என்று எள்ளினாராம். அதை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். கணிதப் பரீட்சையில் மும்முறை தவறியவர். (மாணவர் இதை முன்மாதிரியாகக் கொள்ளற்க!) மாதிரிக் கார் ஒடுங்கித் தோன்றிற்று. அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் மெல்ல மெல்ல அகற்றிப் பார்த்தார். நான்கு அங்குலம் அகன்றதும் கண்ணுக்கு நிறைவாயிற்று. முன்தடுப்புச் சட்டங்களை முன்பே செய்தாகிவிட்டதனால், அவற்றையும் நடுவே வெட்டித் துண்டு வைத்தார்கள். சிறிய சில்லுகளை நான்கு மூலைக்கும் தள்ளியதனால் உள்ளே இடம் கூடிற்று. வளைவுகளில் காரும் நிலைதளரவில்லை. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுவே.

இவ்விரண்டில் எது சிறந்த அமைப்பு? எமது யாழ்ப்பாணம் ஒரு விடை தந்தது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. எம்மூரவர் 1991இல் ஊரைவிட்டுப் பெயர்ந்து அலைந்த காலமும் அதுவே. அப்போது நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிச் சென்றவை பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உமே. ஓடியது மண்ணெண்ணெயில். காபரேற்றரிற் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது, முந்தி எரிந்து எஞ்சினைத் தட்டும். அக்கார்களில் அழுத்த விகிதம் குறைவாதலால் அவை பொறுத்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தபடியால், அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இக்காலத்து உயரழுத்த எஞ்சின் ஒன்று அந்தத் தண்டனையைச் சகித்திராது.

இலங்கையர் கைக்குத் திறமை குறைவு என்று எவரும் கூறார். 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர், அக்காருக்கான உடற்தகடுகளை எம் நாட்டிலே செய்வித்து அங்கு எடுத்தார். கொழும்பில் வேகா நிறுவனத்தார் மின்சார வேகக் காரொன்றை ஆக்கி, 2020இல் ஜெனீவாக் கண்காட்சியில் வைக்க இருந்தனர். பெருந்தொற்றினால் அவ்வாண்டுக் கண்காட்சியே நடைபெறவில்லை.

ஆனால் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய எம் மெக்கானிக்மார் செய்ததை எவர் எழுதி வைத்தார்? காபரேற்றரின் துவாரத்தை எவ்வளவு மாற்றினார்கள்? தீப்பொறி நேரத்தை எப்படித் திருத்தினார்கள்? கிடையாத உதிரிப்பாகத்துக்குப் பதிலாக எதைக் கடைந்தார்கள்? அவர்கள் முதியவராகிவிட்டனர், பலர் இன்று இல்லை. கண்காட்சிக்குப் போகும் மாணவர் ஒரு விடுமுறையில் கொப்பியும் பேனாவுமாக அவர்களது கராஜுக்கும் போகட்டும். எழுதிக்கொண்டு வருவதை அளவுகளோடும் படங்களோடும் அடுத்த மலரில் அச்சிட நாம் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.