மலைக்கிழங்கும் மோர் ஊறுகாயும்



தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மாகாளிக்கிழங்கு ஊறுகாய் இருந்தால் வேறொன்றும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஜாடியைத் திறந்ததுமே மூட்டைப்பூச்சி வாடை என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்களும் இன்று கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். இது நம் மலையில் விளைகிற பொருள். அந்த மலையில் குறைந்துகொண்டே வருகிற பொருளும்கூட.

திருமலையும் தலக்கோனாவும் அடங்கிய சேஷாசல மலைத்தொடரில், பாறை இடுக்குகளில் வேர்விட்டு, பக்கத்துப் புதர்மேல் ஏறிப் படரும் கொடி இது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. தெலுங்கில் மாரேடு கொம்முலு என்பார்கள், நன்னாரி கொம்முலு என்றும் சொல்வார்கள். மெல்லிய வேருள்ள நன்னாரி வேறு கொடி. ஆனால் ராயலசீமையில் கோடைக்கு நாம் குடிக்கிற நன்னாரி சர்பத்தில் பெரும்பங்கு இந்தத் தடித்த கிழங்கிலிருந்து இறங்குவதுதான். காட்டில் அதைத் தேடித் தோண்டி எடுத்து வருகிறவர்களில் யானாதிப் பழங்குடி மக்கள் முக்கியமானவர்கள். வெயிலில் பாறையைக் கெல்லி எடுக்கிற அந்த உழைப்புக்கு, கடையில் விற்கிற சர்பத் பாட்டிலின் விலையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை.

1911 வரை நம் சித்தூர், தமிழர் நிறைந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் இருந்தது. அதனால்தானோ என்னவோ, சர்பத் போலவே ஊறுகாயும் இங்கே சொந்தச் சரக்காகவே இருக்கிறது.

அந்த மூட்டைப்பூச்சி வாடைக்குக் காரணமான வேதிப்பொருள் வனிலாவுக்கு மணம் தரும் வனிலினோடு ஒரே அணுக்களைக் கொண்டது. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்தக் கிழங்கின் சாறு தானியத்தில் விழும் பூச்சிகளைக் கொல்கிறது என்று கண்டிருக்கிறார்கள். இந்த ஊறுகாய் எளிதில் கெடாமல் இருப்பதில் உப்போடு கிழங்குக்கும் பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இனி செய்முறை. சுருங்காமல், தடிப்பாக, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற கிழங்காக அரைக் கிலோ வாங்குங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். ஒட்டியிருக்கும் மண் அப்போதுதான் விடும். காலையில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, நெடுக்காகப் பிளந்து, நடு நரம்பை உருவி எறியுங்கள். அது மரக்குச்சி மாதிரி இருக்கும், பல்லுக்கு ஆகாது. சதையைப் பொடியாக நறுக்க நறுக்க மோரில் போட்டுக்கொண்டே வாருங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். இதில் அவசரம் கூடாது. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து செய்கிற வேலை இது.

காய்ந்த மிளகாய் பத்து, கடுகு இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள், தேவையான கல்லுப்பு எல்லாவற்றையும் பச்சையாகவே, குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். கடுகை வறுக்கவே கூடாது. கடுகுக்குள் காரத்துக்கு மூலமான பொருளும், அதை உடைத்துக் காரமாக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. அரைபட்டு ஈரமானால்தான் இரண்டும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கிற அந்த நெடி கிளம்பும். சூடு பட்டால் நொதி செத்துவிடும். ஐரோப்பியர்கள் குளிர்ப் பிரதேசத் தோட்டங்களில் வளர்த்து, துருவி, வினிகரில் போட்டு மாமிசத்தோடு சாப்பிடுகிற குதிரைமுள்ளங்கியிலும் இதே நெடிதான், இதே வேதியியல்தான். சித்தூர் வெயில் அதற்கு ஒத்துவராது. நமக்கு அந்தக் காரத்தைக் கடுகு தருகிறது, மணத்தைக் கிழங்கு தருகிறது.

அரைத்த விழுதை இரண்டு கிண்ணம் கெட்டியான புளித்த தயிரிலும் இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றிலும் கலந்து, மோரை வடித்த துண்டுகளை அதில் போட்டு, ஜாடியில் வேடு கட்டி வையுங்கள். தினமும் ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். ஒரு வாரத்தில் துண்டுகளில் உப்பும் புளிப்பும் இறங்கிவிடும். உப்பு குறையாமல் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். குதிரைமுள்ளங்கியைத் தோண்டி எடுத்தாலும், மண்ணில் தங்கிய சிறு துண்டு போதும், மறுபடி முளைத்து வரும். அதை ஒழிக்க முடியவில்லையே என்றுதான் ஐரோப்பாவில் தோட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். மாகாளி அப்படியில்லை. அடியோடு பெயர்த்துவிட்டால் அந்தக் கொடியின் கதை முடிந்தது. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் வேண்டியதெல்லாம் வேர்தான் என்பதால், ஒவ்வொரு அறுவடையிலும் செடியின் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2004இல், திருப்பதியைச் சேர்ந்த ஆய்வாளர் எஸ். வேதவதி இந்தக் கொடியைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அழிவை எதிர்நோக்கும் தாவரம் என்று குறித்துவிட்டார்.

ஆகவே வாங்கிச் சாப்பிடுகிற நாம் வளர்க்கவும் வேண்டும். காட்டுச் செடியைப் பிடுங்கி வந்து நடாதீர்கள். மூலிகை நாற்றுப் பண்ணைகளில் கேட்டு வாங்குங்கள். செம்மண்ணோடு மணலும் தொழுவுரமும் கலந்த, தண்ணீர் தேங்காத இடம் போதும். பாறைச் சரிவில் வளர்ந்த கொடிக்கு ஈரம் தேங்கினால் வேர் அழுகும். ஏறிப் படர வேலியோ பந்தலோ வேண்டும். மாடியில் வைப்பதானால் ஆழமான தொட்டியாகப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷமாவது பொறுக்க வேண்டும், அதற்கு முன் கிழங்கு பருக்காது. ஒரு கொடியின் அடியில் பல கிழங்குகள் இறங்கும். எடுக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் மண்ணைத் தள்ளி, தடித்த இரண்டு மூன்றை அறுத்துக்கொண்டு, தண்டையும் மற்ற கிழங்குகளையும் அசைக்காமல் மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை மறுபக்கம் தோண்டலாம்.