சின்ன வெங்காயமும் கம்ப்யூட்டர் சயின்ஸும்

போன வாரம் அத்தை போன் பண்ணாங்க. அவங்க பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். சாய்ஸ் லிஸ்ட்ல எதை முதல்ல போடுறதுன்னு வீட்ல சண்டை. ஒண்ணு, அரசு கல்லூரில ஈசிஇ. இன்னொண்ணு, புதுசா வந்த ஒரு தனியார் கல்லூரில ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். "எல்லாரும் இப்ப அதுலதானே சேர்றாங்க?" இதுதான் அத்தையோட வாதம்.

அந்த 'எல்லாரும்', 'இப்ப' ரெண்டு வார்த்தைலதான் எனக்குப் பயம்.

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுறவங்களைக் கேட்டுப் பாருங்க. விலை ஏறுது, எல்லாரும் நடுறாங்க, ரெண்டு, ரெண்டரை மாசம் கழிச்சு எல்லார் வெங்காயமும் ஒரே நேரத்துல சந்தைக்கு வருது, விலை விழுது. அடுத்த பருவம் யாரும் நடமாட்டாங்க, விலை மறுபடி ஏறும். பொருளாதாரத்துல இதுக்கு சிலந்தி வலைத் தேற்றம்னு பேர். 1934-ல நிக்கோலஸ் கால்டோர் வச்ச பேர். விலையையும் விளைச்சலையும் வரைபடத்துல கோடு போட்டா சுத்திச் சுத்தி வலை மாதிரி வரும், அதனால.

வெங்காயத்துக்கு ரெண்டரை மாசம். இன்ஜினியருக்கு நாலு வருஷம். நான் சும்மா ஒப்பிடல. ரிச்சர்ட் ஃப்ரீமேன்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1976-லயே இன்ஜினியர்களோட ஆரம்பச் சம்பளத்துக்கு இந்த மாடலைப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கார். சம்பளம் நல்லா இருக்குற வருஷம் கூட்டம் சேருது, நாலு வருஷம் கழிச்சு அந்தக் கூட்டம் மொத்தமா வெளிய வருது.

நாடுகளுக்கும் இதே கதைதான். 2020, 21-ல சிப் கிடைக்காம கார் கம்பெனிகளே உற்பத்தியை நிறுத்துனாங்க. சிப் ஃபேக்டரி கட்டி முடிக்கவே ரெண்டு மூணு வருஷம் ஆகும். 2023 வந்தப்போ மெமரி சிப் தேங்கிக் கிடந்துச்சு. சாம்சங்கோட சிப் பிரிவு அந்த வருஷம் நஷ்டத்துல ஓடுச்சு. சிப்தான் தென் கொரியாவோட பெரிய ஏற்றுமதிப் பொருள்ங்கறதால, அந்த வருஷம் அந்த நாட்டோட மொத்த ஏற்றுமதியே குறைஞ்சுது.

நம்ம ஊருக்கு வருவோம். நான் 2014-ல மெக்கானிக்கல் சேர்ந்தேன். 'மெக்'னா அப்ப தனி கெத்து. 2008-09 மந்தத்துக்கு அப்புறம் ஐடின்னாலே வீட்ல பயந்தாங்க. முடிச்சு வெளிய வந்தப்போ என் கிளாஸ்ல பாதிப் பேர் எனக்கு முன்னாடியே ஜாவா கோர்ஸ் வாசல்ல நின்னாங்க.

இப்ப காத்து அந்தப் பக்கம். 2024-25-ல இருந்து, நல்லா நடக்குற கல்லூரிகளுக்கு ஒரு பிரிவுல இத்தனை சீட்தான்ங்கற வரம்பை ஏஐசிடிஇ எடுத்துடுச்சு. கம்ப்யூட்டர் சீட் பெருகிக்கிட்டே போகுது. இதே நேரத்துல, 2023-24 நிதியாண்டு முடிவுல டிசிஎஸ்ல ஆள் எண்ணிக்கை 13,249 குறைஞ்சுது. அதே வருஷம் தமிழ்நாட்டோட எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 900 கோடி டாலரைத் தாண்டுச்சு.

உடனே "அப்ப ஈசிஇ-தான் அடுத்த ட்ரெண்டா?"ன்னு கேட்காதீங்க. அதுவும் வெங்காயம்தான்! அந்த ஏற்றுமதில பெரும்பகுதி போன் அசெம்பிளி. அதுல எத்தனை டிசைன் வேலை வரும்ங்கறது வேற கணக்கு.

நான் அத்தைகிட்ட சொன்னது இதுதான்: பிரிவோட பேரை விடுங்க. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரி வாரியா தேர்ச்சி விகிதம் வெளியிடுது, முதல்ல அதைப் பாருங்க. நேர்ல போய் லேப் திறந்திருக்கா, பூட்டியிருக்கான்னு பாருங்க. மூணாம் வருஷப் பசங்க கிட்ட, போன செமஸ்டர் ஒரு பாடத்துக்கு எத்தனை வாத்தியார் மாறினாங்கன்னு கேளுங்க. ட்ரெண்ட் மாறினா ஆறு மாசத்துல புதுசா ஒண்ணு கத்துக்கலாம். மேத்ஸும் அடிப்படையும் ஒழுங்கா வராம நாலு வருஷம் போனா, அதைத் திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். நான் பிடிச்சேன், ஆனா ரெண்டு வருஷம் போச்சு.

அத்தை விடல. "நீ மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐடில ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்க. என் பொண்ணு மட்டும் நேரா அங்க போகக் கூடாதா?"

நியாயமான கேள்வி. எனக்குச் சட்டுனு பதில் வரல.

அவளே ஒரு நாள் பஸ் ஏறிப் போய் ரெண்டு கல்லூரியையும் பார்த்துட்டு வந்தா. ஈசிஇ-யை முதல் சாய்ஸா போட்டு லாக் பண்ணிட்டா. அத்தை இன்னும் என்கிட்ட சரியா பேசல.