25 சதம் புகட்டிய பாடம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குழந்தைகளுக்கு இலவச வைத்தியம் கொடுத்தால், தும்மலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள் என்று நம்மிற் சிலர் கூறுவதுண்டு. அக்கூற்றை இன்று சற்று ஆராய்வோம்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். அற்பத் தொகைதான். ஆயினும் நோயாளர் வரவு பெரிதும் குறைந்தது. நாட்டில் நோய் குறைந்ததா? இல்லை; கையில் காசில்லாதவர் வீட்டிலேயே தங்கினர். 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. அயர்லாந்து தேசத்தில் 2015இல் 6 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்ப வைத்தியரைப் பார்ப்பது இலவசமாக்கப்பட்டது. அங்கும் வைத்தியரை நாடுவோர் தொகை உயர்ந்தது.

அப்படியானால் வீண் வருகையும் கூடுமே என்பீர்கள். கூடும், மறுக்கவில்லை. ஆனால் 1970களில் அமெரிக்காவில் றாண்ட் நிறுவனம் தொடங்கிய பெரும் பரிசோதனை ஓர் உண்மையைக் காட்டியது. கட்டணம் விதித்தால் வேண்டாத வருகையோடு வேண்டிய வருகையும் குறைகிறது. களையோடு பயிரும் போய்விடுகிறது. வாய்பேசாப் பச்சைக் குழந்தையின் காய்ச்சல் எத்தகையது என்பதை வைத்தியர் பார்த்தல்லவோ சொல்ல வேண்டும்?

1940களின் நடுப்பகுதியில் இந்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 100க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இன்று அத்தொகை 10க்கும் குறைவு. மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி, குடும்பநல மாதரின் உழைப்பு ஆகியவற்றோடு இலவச வைத்தியத்திற்கும் இதிற் பெரும் பங்குண்டு.

ஆனால் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கல்முனையிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் கூலிக்குப் போகும் தாய்க்கும், மருதமுனையில் தறியில் அமரும் தாய்க்கும், காலை வரிசையில் நிற்பது ஒருநாள் வருமானத்தை இழப்பதாகும். வண்டிக் காசு வேறு. ஆகவே அவள் மாலைவரை பொறுத்து, தனியார் வைத்தியரிடம் கடன்பட்டுப் போகிறாள். அல்லது போகாமலே விடுகிறாள். 25 சதம் ஒழிந்தது. அதன் நிழல் இன்னும் ஒழியவில்லை.

இளைஞர்களே, இங்குதான் உங்கள் பணி இருக்கிறது. அயலிலுள்ள குழந்தைகளின் தடுப்பூசி நாளைத் தாய்மாருக்கு நினைவூட்டுங்கள். துவிச்சக்கர வண்டியோ முச்சக்கர வண்டியோ உள்ளவர்கள் நோயுற்ற குழந்தையையும் தாயையும் ஏற்றிச் செல்லுங்கள். வரிசையில் நிற்பவள் தமிழ்த் தாயா, முஸ்லிம் தாயா என்று பாராதீர்கள். மடியில் கிடக்கும் காய்ச்சலுக்கு மதமில்லை.

பெரியோர்களே, "நாளைக்குப் பார்ப்போம்" என்ற சொல்லைக் குழந்தையின் நோயில் மட்டும் சொல்லாதிருங்கள்.

கதவை அரசு திறந்துவைத்தது. வாசல்வரை கூட்டிச்செல்வது நமது கடன்.