சட்டாம்பிள்ளை வரட்டும், வாத்தியாரும் இருக்கட்டும்!

(கீழ்வேளூரில் நடந்த மாணவர் – பெற்றோர் சந்திப்பில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். ஆனா வீட்டுல படிக்கிற பிள்ளை இருந்தா முழுசாப் படிங்க, பகிருங்க.)



மேடையில இருக்கிற ஒன்றியப் பொறுப்பாளர்களுக்கும், வயல் வேலையை முடிச்சுட்டு நேரா இங்க வந்திருக்கிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பின்வரிசையில போனை நோண்டிக்கிட்டிருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும், நேரலையில பார்த்துக்கிட்டிருக்கிற தோழர்களுக்கும் வணக்கம்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். சாயங்காலம் நம்ம படிப்பகத்துல பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். இன்னைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "செயற்கை நுண்ணறிவும் கல்வியும்". பெரிய தலைப்பு. நான் ஒரு சின்னக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன சாகுபடி சமயத்துல, படிப்பகத்துக்கு வர்ற ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் ஒரு ஏ.ஐ. செயலியில தமிழ்லயே ஒரு கேள்வி கேட்டான். "எங்க அப்பா 6 மா நிலம் குத்தகைக்கு எடுக்கிறாரு. ஏக்கருக்கு 30 கிலோ விதைநெல்லுன்னா மொத்தம் எவ்வளவு வேணும்?" இதுதான் கேள்வி.

பதில் நாலு பத்தி வந்துச்சு. நல்ல தமிழ், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. ஆனா அந்தச் செயலி "மா"ன்னா மாமரம்னு எடுத்துக்கிச்சு! ஆறு மாமரத்துக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கும், அதுல நெல்லை ஊடுபயிரா எப்படிப் போடலாம்னு விளக்கமா எழுதியிருந்துச்சு. தம்பி அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டுப் போய் அப்பாகிட்டக் காட்டியிருக்கான். அவரு பள்ளிக்கூடத்தைப் பாதியிலயே விட்டவரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாராம்: "டேய், வேலிக்கு இருபது மாடா. மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆறு மான்னா ரெண்டு ஏக்கர். அறுபது கிலோ. இதுக்கா இவ்வளவு எழுதியிருக்கு?"

நீங்களும் சிரிக்கிறீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த அப்பா பக்கத்துல இல்லைன்னா? அந்தப் பையன் அந்தப் பதிலை நம்பியிருப்பான். ஏன்னா அது தயங்காம, தெளிவா, மரியாதையாப் பேசுது. தப்பையும் அதே தெளிவோட சொல்லுது. இன்னைக்கு நான் பேசப்போறது முழுக்க இந்த ஒரு விஷயம்தான்: அந்தப் பையன் பக்கத்துல யாரு இருக்காங்க?

முதல்ல, இந்த ஏ.ஐ. எப்படி வேலை செய்யுதுன்னு எளிமையாச் சொல்லிடறேன். நம்ம வகுப்புல ஒருத்தன் இருப்பான். கோனார் உரையை அட்டையில இருந்து அட்டை வரை மனப்பாடம் பண்ணியிருப்பான். கேள்வியோட முதல் ரெண்டு வார்த்தையைக் கேட்டதுமே பதிலைக் கொட்டுவான். சாட்ஜிபிடி மாதிரியான மென்பொருள் கிட்டத்தட்ட அவன்தான். ஆனா ஒரு உரைநூல் இல்ல, இணையத்துல கிடைச்ச கோடிக்கணக்கான பக்கங்களைப் படிச்சுட்டு, இந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம்னு கணக்குப் போட்டுப் பேசுது. கீழ்வேளூர் வயலை அது பார்த்ததில்லை. "மா"ங்கிற எழுத்து மாம்பழத்தோடதான் அதிகமா வந்திருக்கு, அதனால மாமரம்.

இதுல தமிழுக்குன்னு கூடுதல் சிக்கல் ரெண்டு இருக்கு. ஒண்ணு, அது படிக்கிறதுக்குத் தமிழ்ல இருக்கிற பக்கங்கள் குறைவு. ஆங்கில விக்கிப்பீடியாவுல 70 லட்சத்துக்கு மேல கட்டுரைகள். 2003-ல ஆரம்பிச்ச நம்ம தமிழ் விக்கிப்பீடியாவுல ஒன்றரை லட்சத்துக்கு மேல. அதுவும் தன்னார்வலர்கள் ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினது. ரெண்டாவது, கணினிக்குள்ள ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். நம்ம "மா"வுக்கு ஆறு பைட். ம-வுக்கு மூணு, காலுக்கு மூணு. அதனால ஒரே விஷயத்தைத் தமிழ்ல கேட்டா அந்த மென்பொருள் பெரும்பாலும் அதிகத் துண்டுகளா நறுக்கித்தான் படிக்குது. வேலையும் கூடும், செலவும் கூடும். ஆங்கில வழி படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற அதே கருவி, தமிழ் வழி படிக்கிற நம்ம பிள்ளைக்குக் கிடைக்கும்போது கொஞ்சம் மட்டமாத்தான் கிடைக்குது.

சரி, அப்ப இதை வேண்டாம்னு தள்ளிடலாமா? முடியாது தோழர்களே. வந்தாச்சு. அரசுப் பள்ளிகள்ல ஆறாம் வகுப்புல இருந்தே ஏ.ஐ., ரோபோட்டிக்ஸ் சொல்லிக் கொடுக்க "டி.என். ஸ்பார்க்" திட்டம் வந்திருக்கு. 2025-26 மாநில பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துக்குள்ள 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட்டுன்னு அறிவிச்சாங்க. 2026-27-ல இருந்து மூணாம் வகுப்புலயே ஏ.ஐ. பாடம்னு ஒன்றியக் கல்வி அமைச்சகம் சொல்லியிருக்கு. வசதியான வீட்டுப் பிள்ளைங்க ஏற்கெனவே பயன்படுத்திக்கிட்டிருக்காங்க. நாம மட்டும் ஒதுங்கி நின்னா, நஷ்டம் நமக்குத்தான்.

அதோட, இதால நல்லது நடந்ததை நம்ம தமிழ்நாட்டுலயே பார்த்திருக்கோம். கொரோனா காலத்து இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபர் 27-ல மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல "இல்லம் தேடிக் கல்வி" ஆரம்பிச்சாங்க. நம்ம தெருவுலயும் அக்காமாருங்க சாயங்காலம் திண்ணையில பிள்ளைங்களை உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022 ஜூன்ல அந்த மையங்கள்ல 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடந்துச்சு. கூகுளோட "ரீட் அலாங்" செயலிதான் கருவி. பிள்ளை சத்தமாப் படிக்கும். செயலி காதுகொடுத்துக் கேட்கும். தப்பாப் படிச்ச வார்த்தையைச் சொல்லிக் காட்டும். கோடிக்கணக்கான சொற்களை நம்ம பிள்ளைங்க படிச்சாங்க. திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளை நாப்பது பேர் முன்னாடி எழுந்து நின்னு படிக்கக் கூச்சப்படும். செயலி முன்னாடி கூச்சமே இல்லை. பத்து தடவை தப்பு விட்டாலும் அது முகம் சுளிக்காது. அதுவும் ஏ.ஐ.தான்.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அங்க பக்கத்துல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க போன்தான் பல இடத்துல பயன்பட்டுச்சு. எந்தப் பிள்ளை எங்க தடுமாறுதுன்னு அவங்களுக்குத் தெரியும். வராத பிள்ளையை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு வந்தாங்க.

பக்கத்துல ஆள் இல்லாம விட்டா என்ன ஆகும்? அதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு. துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளியில ஏறக்குறைய 1000 மாணவர்களை வெச்சு, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செஞ்சது. கணக்குப் பாடம். ஒரு குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். ரெண்டாவது குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒரு ஏ.ஐ. மூணாவது குழுவுக்கு, விடையைச் சொல்லாம குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி ஆசிரியர்களோட சேர்ந்து அமைச்ச ஏ.ஐ.

பயிற்சி நேரத்துல ரெண்டாவது குழு 48 சதவீதம் கூடுதலாச் செஞ்சாங்க. மூணாவது குழு 127 சதவீதம் கூடுதல். ஆகா, பிரமாதம்! அப்புறம் ஏ.ஐ.யை வாங்கி வெச்சுட்டுப் பரீட்சை வெச்சாங்க. ரெண்டாவது குழு, ஏ.ஐ.யையே பார்க்காத முதல் குழுவை விட 17 சதவீதம் மோசமாச் செஞ்சாங்க. ஏன்? "விடை என்ன?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாங்க. கை எழுதுச்சு, மண்டை ஓய்வெடுத்துச்சு. குறிப்பு மட்டும் வாங்கின மூணாவது குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

தம்பி தங்கச்சிகளே, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஹாலுக்குள்ள போன் வராது. அந்த 17 சதவீதத்தை மனசுல வெச்சுக்கங்க.

தென்கொரியாவையும் சொல்லணும். உலகத்துலயே வேகமான இணையம் இருக்கிற நாடுகள்ல ஒண்ணு. 2025 மார்ச்சுல ஏ.ஐ. பாடப்புத்தகத்தை வகுப்பறைக்குக் கொண்டு வந்தாங்க. ஆசிரியர்களும் பெற்றோர்களும் எதிர்த்தாங்க. ஆகஸ்ட்டுலயே அவங்க நாடாளுமன்றம் "இது பாடப்புத்தகம் இல்ல, துணைப் பொருள்தான்"னு சட்டத்தை மாத்திடுச்சு. ஆசிரியரைச் சேர்த்துக்காம மேல இருந்து இறக்கினா அவ்வளவு பணக்கார நாட்டுலயே நிக்கலை.

இப்ப நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருப்பான். வாத்தியார் பெரிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார், அந்தப் பிள்ளை சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். 1789-ல சென்னை எழும்பூர்ல ராணுவ அநாதை இல்லப் பள்ளிக்குப் பொறுப்பா வந்த ஆண்ட்ரூ பெல், இங்க நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கிறதைப் பார்த்தார். பிள்ளைங்களை வெச்சே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையைத் தன் பள்ளியில வளர்த்தார். 1797-ல லண்டன்ல அதைப் புத்தகமாப் போட்டார். "மெட்ராஸ் சிஸ்டம்"னு இங்கிலாந்து முழுக்கப் பரவுச்சு.

ஏ.ஐ.யை நான் அந்தச் சட்டாம்பிள்ளையாத்தான் பார்க்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்லித் தரும். கணக்குப் போடச் சொல்லிப் பார்க்கும். வாத்தியார் வேலையில பாதியைக் குறைக்கும். ஆனா சட்டாம்பிள்ளை தப்புச் சொன்னாத் திருத்த ஒரு வாத்தியார் வேணும்.

ரெண்டு ஆசிரியர் அஞ்சு வகுப்பையும் பார்க்கிற தொடக்கப்பள்ளி நம்ம கிராமங்கள்ல எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். "எண்ணும் எழுத்தும்" திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களை நிலை பிரிச்சுச் சொல்லித் தர்றாங்க. ஒரே பாடத்துக்கு மூணு விதமான பயிற்சித்தாள் தயாரிக்க அந்த டீச்சர் ராத்திரி உட்காரணும். அதை ஏ.ஐ. பத்து நிமிஷத்துல செஞ்சு கொடுக்கட்டும், டீச்சர் சரிபார்க்கட்டும். மிச்ச நேரத்துல மூணு நாளா வராத பிள்ளை வீட்டுக்குப் போகட்டும். இதுதான் சரியான பயன்பாடு. "ஏ.ஐ. வந்தாச்சு, காலிப் பணியிடம் நிரப்ப வேண்டாம்"னு யாராவது சொன்னா, அது நம்ம பிள்ளைங்களுக்குச் செய்யற துரோகம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில நம்ம பாட்டன் பூட்டனுக்கு இடம் இருந்துச்சா? கூலி உயர்வு கேட்டதுக்கு 1968 டிசம்பர் 25-ல 44 உயிரை எரிச்ச கீழ்வெண்மணி, நம்ம வட்டத்துலதான் இருக்கு. அந்தத் தலைமுறையோட பேரப்பிள்ளைங்கதான் இன்னைக்கு நம்ம அரசுப் பள்ளி பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. பள்ளிக்கூடம் சும்மா கிடைக்கலை. பணக்காரப் பிள்ளைக்கு வாத்தியாரும் ஏ.ஐ.யும், ஏழைப் பிள்ளைக்கு ஏ.ஐ. மட்டும்னு ஒரு புதுத் திண்ணை கட்ட விடக்கூடாது.

அதனால நாம கேட்க வேண்டியது நாலு:

1. ஆசிரியர் காலியிடங்களை நிரப்பணும். ஏ.ஐ. அதுக்குச் சாக்கு ஆகக்கூடாது.

2. பள்ளி ஹைடெக் லேப், பூட்டிக் கிடக்காம சாயங்காலமும் திறந்திருக்கணும். வீட்டுல ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போற பிள்ளைக்கு அதுதான் வழி.

3. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் நம்ம குருக்கத்தியிலயே இருக்கு. தமிழ் வழி ஆசிரியர்களுக்கு ஏ.ஐ. பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும். மா, குழி, மரக்கால் தெரிஞ்ச ஆசிரியர்கள் சேர்ந்து தப்பைத் திருத்தட்டும்.

4. பிள்ளைங்க தகவலுக்குப் பாதுகாப்பு வேணும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேணும். பேரும் போட்டோவும் கேட்கிற செயலிக்குக் கண்ணை மூடிக்கிட்டு "ஓகே" அழுத்தாதீங்க.

அரசாங்கம் செய்யற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே நீங்க செய்யக்கூடியது மூணு.

முதல்ல நோட்டுல நீயே போட்டுப் பாரு. அப்புறம்தான் போனை எடு. எடுத்தா இப்படிக் கேளு: "விடையைச் சொல்லாதே. நான் எங்க தப்புப் பண்ணேன்னு ஒரு குறிப்பு மட்டும் கொடு." கடைசியா, போனை மூடி வெச்சுட்டு, தெரிஞ்சுக்கிட்டதை அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ சொல்லிக் காட்டு. சொல்ல வந்தா உனக்குப் புரிஞ்சிருக்கு. வரலைன்னா புரியலை.

பெற்றோர்களே, "எங்களுக்கு என்ன தெரியும்"னு ஒதுங்காதீங்க. அந்தச் செயலிக்குத் தெரியாத "மா", அந்த அப்பாவுக்குத் தெரிஞ்சுது. பிள்ளை காட்டுற பதிலை வாங்கிப் பாருங்க. "இது உனக்கு எப்படித் தெரியும்?"னு ஒரு கேள்வி கேளுங்க. அது போதும்.

படிச்சு முடிச்ச தோழர்களே, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். வாரத்துல ரெண்டு சாயங்காலம், ஒரு மணி நேரம், உங்க தெருப் பிள்ளைங்களோட உட்காருங்க. சட்டாம்பிள்ளை எல்லார் போன்லயும் வந்துட்டான். பக்கத்துல உட்கார ஆள்தான் குறையுது.

கமெண்ட்ல உங்க ஊர்ப் பேரைப் போடுங்க. அங்க படிப்பகம் இருந்தா நாங்க வர்றோம். இல்லைன்னா சேர்ந்து ஆரம்பிப்போம்.



#கீழ்வேளூர் #அரசுப்பள்ளி #வாத்தியார்வேணும்